கூட்டலுக்குள் வராத இருநூறு மார்க்

பிள்ளைக்கு,

நேற்று நீ தொலைபேசியில் கேட்டது சின்ன விஷயம். "அம்மா, உங்கட அந்தக் கணக்கு அட்டவணையை ஒரு டிஸ்கெட்டிலை போட்டு அனுப்புங்கோவன். நானும் ரமணனும் கலியாணத்துக்குப் பிறகு வங்கியிலை ஒரே கொன்டோதான் வைக்கப் போறம். நீங்கள் செய்யிற மாதிரியே செய்வம்" என்றாய். நானும் "ஓம், அனுப்பிறன்" என்று சொல்லிவிட்டு, சித்தி சுகமா, ஹனோவரில் குளிரா என்று வழக்கமான நாலு கேள்வியையும் கேட்டு வைத்தேன். வைத்த பிறகு கொரிடோரிலேயே நின்றுவிட்டேன். அப்பா வந்து "என்ன, அடுப்பிலை எதையும் விட்டிட்டியோ?" என்று கேட்கும்வரை நின்றேன். டிஸ்கெட்டில் போடுவது ஐந்து நிமிஷ வேலை. ஆனால் அந்த அட்டவணையைப் பற்றி உனக்குச் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் டிஸ்கெட்டை மட்டும் அனுப்பினால் நான் மனுஷியே இல்லை. அதனால் இந்தக் கடிதம். இதை ஒட்டி மூடாமல் முதலில் அப்பாவிடம்தான் கொடுக்கப் போகிறேன். ரமணன் வாசித்தாலும் வாசிக்கட்டும்.

நான் ஏன் கணக்கு எழுதத் தொடங்கினேன் என்பது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நாங்கள் டோர்ட்மண்டுக்கு வந்த முதல் வருஷங்களில் வங்கிக் கணக்கு அப்பாவின் தலைக்குள் இருந்தது. சம்பளம் வரும், வாடகை தானாகப் போகும், மிச்சம் எவ்வளவு என்று கேட்டால் "கிடக்கு" என்பார். அவருக்கு அது போதும். ஒருமுறை ஊரிலிருந்து வந்த ஒருவருக்கு என்னிடம் சொல்லாமல் அறுநூறு மார்க் கொடுத்துவிட்டார். அந்த மாதம் மின்சாரக் கொம்பனி தன் காசை எடுக்கப் போனால் கணக்கில் காசில்லை. வங்கி திருப்பி அனுப்பிவிட்டது, அதற்கு ஒரு தண்டப்பணம் வேறு என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை நீதான் எனக்கு வாசித்துச் சொன்னாய். பதினொரு வயதுப் பிள்ளை, சாப்பாட்டு மேசையில் இருந்து, "அம்மா, எங்களிட்டைக் காசு இல்லையாம்" என்று சொன்னாய். எனக்கு நாண்டுகொண்டு சாகலாம் போல இருந்தது. அன்றிலிருந்து கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் வரவு செலவு எழுதத் தொடங்கினேன்.

பிறகு ஆஸ்பத்திரி லோண்டரியில் படுக்கை விரிப்புத் தூக்கித் தூக்கி என் முதுகு போனது. வேலை அலுவலகம் என்னைக் கொம்பியூட்டர் வகுப்புக்கு அனுப்பியது. வகுப்பில் நான்தான் வயது கூடியவள், ஜெர்மன் குறைந்தவள், ஆனால் இலக்கம் என்று வந்தால் ஒருத்தரும் எனக்குக் கிட்ட வரமுடியாது. யாழ்ப்பாணத்தில் வர்த்தகம் படித்தவள் என்ற திமிர் எனக்கு நிறைய இருந்தது, இன்றைக்கு ஒத்துக்கொள்கிறேன். முதல் வாரம் அந்தத் திமிரைக் கொம்பியூட்டர் கொஞ்சம் அடக்கியது. பன்னிரண்டு மார்க் ஐம்பது பெனிக்குக்கு மீன் வாங்கினேன் என்று எங்கள் வழக்கப்படி நடுவில் புள்ளி வைத்து அடித்தேன். அது அதை டிசம்பர் மாதம் என்று எடுத்துக்கொண்டது. இந்த நாட்டில் அந்த இடத்தில் கொமா போட வேண்டும் என்று பக்கத்தில் இருந்த போலந்துக்காரி சிரித்துச் சிரித்துச் சொல்லித் தந்தாள். மூன்றாம் வாரம் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா தன்னோடு வேலை செய்தவரிடம் பழைய கொம்பியூட்டர் ஒன்றை வாங்கி வந்ததும் அப்போதுதான். நீ பின்னல் போட்ட மேசைத் துணியால் அதை மூடி வைத்திருந்தோம், நவராத்திரிக்குப் புத்தகங்களோடு விசைப்பலகையையும் வைத்துக் கும்பிட்டோம். அதில்தான் என் அட்டவணையைக் கட்டினேன். திகதி, விபரம், வரவு, செலவு, மீதி என்று ஐந்து நிரல்கள். அதற்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, அதனால் அரிசி, மீன், சீட்டு எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தால் அடித்தேன். ஒரு மாதத்துக்கு முப்பது வரிசை, அடியில் கூட்டுத்தொகை. முப்பதுக்கு மேலே எங்களுக்கு என்ன செலவு வரப்போகிறது என்று நினைத்தேன். மாத முடிவில் என் மீதியையும் வங்கி தருகிற கணக்குக் கூற்றின் மீதியையும் பார்ப்பேன். இரண்டும் ஒன்றாக வந்தால் எனக்குக் கோயிலுக்குப் போய்வந்த மாதிரி இருக்கும். எங்கள் ஆசிரியை, கூற்றில் உள்ள ஒவ்வொரு வரிசையையும் அட்டவணையில் தேடிப் பென்சிலால் சரி போட வேண்டும் என்று சொல்லித்தான் தந்தார். அது இலக்கம் தெரியாத ஆட்களுக்குச் சொல்வது என்று நான் விட்டுவிட்டேன்.

இனி வருவது உனக்கும் தெரிந்த கதை. ஆனால் பாதிதான் தெரியும்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஐப்பசி மாதம். உனக்குப் பதினாறு வயது. வகுப்போடு ஐந்து நாள் சுற்றுலா போக வேண்டும், முற்பணம் இருநூறு மார்க் கட்ட வேண்டும் என்று ஒரு கடிதம் கொண்டு வந்தாய். ஆண் பிள்ளைகளும் வருகிற இடத்தில் இரவு தங்குவதா என்று நான் ஒரே சொல்லில் மறுத்துவிட்டேன். நீ ஒரு கிழமை என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. அந்த மாதம் எங்களுக்குச் செலவும் கூட. குளிர் கோட்டு, அப்பாவின் கார்க் காப்புறுதி, நவராத்திரிச் சாமான் என்று முப்பது வரிசையும் நிரம்பிவிட்டது. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை வழக்கம் போல உன்னை வங்கி மெசினுக்கு அனுப்பிச் சீட்டுக் காசு இருநூறு எடுப்பித்தேன். அட்டை உள்ளே போய் வராமல் விட்டால் யாரோடு கதைப்பது என்ற பயத்தில் நான் ஒரு நாளும் அந்த மெசினைத் தொட்டதில்லை, இரகசிய இலக்கமும் உனக்குத்தான் பாடம். அந்தச் சீட்டுக் காசை எழுத அட்டவணையில் இடமில்லை. கூட்டுத்தொகைக்கு மேலே ஒரு வரிசையைச் செருகி, அதில் எழுதினேன்.

நீ காசோடு வங்கியிலிருந்து எடுத்து வந்த கூற்றைப் பார்த்தபோது வங்கியில் இருநூறு மார்க் குறைந்தது. என் அட்டவணை ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு என்றது, வங்கி ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு என்றது. மெசினில் இருநூறு இருநூறாக மூன்று தரம் எடுத்ததாகக் கூற்றில் இருந்தது. என் அட்டவணையில் எத்தனை தரம் இருக்கிறது என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியிருந்தால் அங்கேயும் மூன்று இருந்திருக்கும். ஒரு நிமிஷ வேலை, பிள்ளை. நான் அதைச் செய்யாமல், குறைவது இருநூறு, சுற்றுலா முற்பணமும் இருநூறு என்று கூட்டிப் பார்த்தேன். அது அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சீட்டுப் பிடிக்கிற செல்வி அக்கா, இருபது பேரிடமும் மாதக் காசு சேர்க்கிற வழியில், எங்கள் வீட்டுக்கும் வந்திருந்தார். காசுக் கவரைக் கொடுத்து, தேத்தண்ணியும் கொடுத்தேன். நீ தலை முழுகிவிட்டு ஈரத்தலையோடு அறையிலிருந்து வந்தாய். அக்கா போகும்வரையாவது நான் பொறுத்திருக்கலாம். என் வாய் பொறுக்கவில்லை.

"மெசினிலை எடுத்த இருநூறு மார்க் எங்கை?"

"எந்த இருநூறு, அம்மா?"

"வகுப்போடை போறதுக்கு எடுத்த இருநூறு."

"நான் அதுக்கு ஒண்டும் எடுக்கேல்லை. நீங்கள் மூண்டு தரம் அனுப்பினீங்கள். மூண்டு தரமும் உங்கட கையிலைதான் கொண்டு வந்து தந்தனான்."

"அப்ப கொம்பியூட்டர் பொய் சொல்லுதோ?"

"அப்ப நான் பொய் சொல்லுறனோ?" என்றாய். உன் குரல் அப்போதுதான் உயர்ந்தது. பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, "அப்பா, நீங்களும் அப்பிடித்தான் நினைக்கிறீங்களோ?" என்று கேட்டாய். அப்பா கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வி அக்கா என் கையைப் பிடித்து, "விடும், சின்னப்பிள்ளைதானே. உந்த வயசிலை ஆசை இருக்கும்" என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தையோடு வழக்கு முடிந்து தீர்ப்பும் ஆகிவிட்டது. எனக்கு அவமானம் தலைக்கு ஏறியது. "கள்ளி" என்று சொன்னேன். நீ அழவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாய். அந்த இருநூறு மார்க் அந்த நேரம் செல்வி அக்காவின் கைப்பைக்குள் இருந்தது.

கார்த்திகையில் உன் வகுப்பு சுற்றுலா போனது. போகாத பிள்ளை வீட்டில் இருக்க முடியாது, பக்கத்து வகுப்பில் போய் இருக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடச் சட்டம். ஐந்து நாளும் காலையில் நீ பையைத் தூக்கிக்கொண்டு, உன் மேசை இல்லாத வகுப்புக்குப் போனாய். முற்பணம் கட்டியிருந்தால் நீ ஏன் போகவில்லை என்று நான் ஒரு கணமாவது யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்தது, பயந்துபோய்க் காசை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாய் என்று. உன் அலுமாரியைக்கூட ஒருநாள் கிளறிப் பார்த்தேன். அது உனக்குத் தெரியாது.

நீ அறியாத மற்றப் பாதி இதுதான். மாசி மாதம் ஒருநாள் வகுப்பில் ஆசிரியை பலகையில் ஒரு அட்டவணையை வரைந்தார். "கூட்டுத்தொகைக்கு மேலே கடைசியாக ஒரு வரிசையைச் செருகினால், சில நேரம் அது கூட்டலுக்குள் வராது. கண்ணுக்குத் தெரியும், கணக்கில் இராது. கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். நான் பேனாவை மூடிப் பைக்குள் போட்டேன். தலையிடி என்று பொய் சொல்லிவிட்டு டிராமில் ஏறி வீட்டுக்கு வந்தேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் ஐப்பசி மாதத்தைத் திறந்தேன். கூட்டுத்தொகை இரண்டாவது வரிசையில் தொடங்கி முப்பத்தோராவது வரிசையோடு நின்றுவிட்டது. சீட்டு இருநூறு முப்பத்திரண்டாவது வரிசையில் இருந்தது. நானே அடித்த வரிசை, நான் தினமும் பார்த்த வரிசை. ஒன்றை இரண்டாக மாற்றினேன். ஒரே ஒரு இலக்கம். மீதி ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு என்று வந்தது, வங்கி சொன்ன அதே தொகை. உனக்கு நான் செய்ததை அப்போதுதான் விளங்கிக்கொண்டேன். வாய்விட்டு அழுதேன்.

இரண்டு மணிக்கு நீ பள்ளிக்கூடத்தால் வந்தாய். நான் முகம் கழுவிவிட்டுச் சோறு போட்டேன். "இன்னும் ஒரு துண்டு மீன் போடவோ?" என்று கேட்டேன். "வேண்டாம்" என்றாய். அவ்வளவுதான் நாங்கள் அன்று கதைத்தது. இரவு சொல்லலாம் என்று நினைத்தேன், பிறகு ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். பிள்ளைக்கு முன்னால் தாய் பிழை என்று நின்றால் பிறகு சொல்வழி கேட்குமா என்ற பயம் ஒன்று. செல்வி அக்கா அறிந்தால் "கொம்பியூட்டர் படிச்சவ" என்று சிரிப்பாரே என்ற வெட்கம் இன்னொன்று. நீ மறந்திருப்பாய் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ மறக்கவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கடைக்கு அனுப்பினால், பாலின் பற்றுச்சீட்டை மேசையில் வைத்து, அதற்கு மேலே மிச்சக் காசைப் பெனிக் பெனிக்காக எண்ணி வைப்பாய். "எண்ணுங்கோ அம்மா" என்பாய். நான் எண்ணுவேன். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. பல் வைத்தியரிடம் உன் அவுஸ்பில்டுங் பயிற்சி தொடங்கி, முதல் சம்பளம் வந்த நாள். எல்லாப் பிள்ளைகளும் முதல் சம்பளத்தில் தாய்க்குச் சேலை வாங்கிக் கொடுக்கும் என்று நான் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு கவரை மேசையில் வைத்தாய். "அம்மா, இது அந்த இருநூறு. இனி அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்க வேண்டாம்" என்றாய். எடுக்காத காசை நீ திருப்பிக் கொடுத்தாய். நீ எடுக்கவில்லை என்று ஆறு மாதமாக அறிந்திருந்த நான் அதை வாங்கினேன். வாங்கி, கொம்பியூட்டரைத் திறந்து, வரவு என்ற நிரலில் இருநூறு என்று எழுதி, விபரத்தில் "மகள்" என்று அடித்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேடுகெட்ட வேலை அது. உன்னைச் சந்தேகித்ததை அவசரம் என்று சொல்லலாம், அறியாமை என்று சொல்லலாம். இதற்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அவுஸ்பில்டுங் முடித்த கையோடு, இங்கே வேலை கிடைத்தும், சித்தியுடன் இருக்கிறேன் என்று நீ ஹனோவருக்குப் போனாய். "அங்கை சம்பளம் கூட" என்று ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டேன்.

டிஸ்கெட்டில் எல்லா மாதமும் இருக்கிறது. ஒன்றையும் அழிக்கவில்லை. புதிய கொன்டோவுக்கு வெறும் அட்டவணை ஒன்றும் கட்டி வைத்திருக்கிறேன். அதில் கூட்டுத்தொகையை அடியில் வைக்காமல் மேலே வைத்திருக்கிறேன், வரிசை எத்தனை கூடினாலும் உள்ளே வரும். மாத முடிவில் மீதியை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படாதே. கூற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையாகப் பென்சிலால் சரி போடு. குறைந்தால், "வேறு செலவு" என்று ஒரு பொய் வரிசையைப் போட்டுச் சரிக்கட்டாதே. கண்டுபிடிக்கும்வரை அப்படியே குறையாக விட்டு வை, குறையாக இருப்பது பாவமில்லை. ரமணனும் நீயும் ஒன்றாக இருந்து பாருங்கள், இரகசிய இலக்கம் இரண்டு பேருக்கும் தெரியட்டும், அட்டை இரண்டு பேரிடமும் இருக்கட்டும். ஒருநாள் கட்டாயம் கணக்கு உதைக்கும். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க முதல் உன் வரிசைகளை எண்ணிப் பார். அவனுக்கும் அதைத்தான் சொல்லுவேன்.

இதுவரை எழுதியதை, சொன்னபடியே நேற்றிரவு அப்பாவிடம் கொடுத்தேன். அவருக்கும் இது தெரியாது. ஐந்து வருஷமாக அவருக்கும் நான் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். "அவள் அண்டைக்கு என்னைப் பாத்துத்தான் கேட்டவள்" என்று மட்டும் சொன்னார். பிறகு பல்கனிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நின்றார். குளிர் என்று கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கூறைச் சேலை பார்க்க வருகிறாய். மத்தியானச் சாப்பாட்டுக்குச் செல்வி அக்காவை நான் கூப்பிட்டிருக்கிறேன். எதற்கென்று அவருக்குச் சொல்லவில்லை. அவர் முன்னால் வைத்துத்தான் உன்னை அப்படிச் சொன்னேன், அவர் முன்னால் வைத்துத்தான் அது பிழை என்றும் சொல்ல வேண்டும். நீ அந்த நேரம் அறைக்குள் இருக்க விரும்பினால் இரு. வரவே விருப்பமில்லை என்றால் அடுத்த கிழமை வா, சேலைக்கடை எங்கேயும் ஓடிப்போகாது. நீ இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் சொல்லிவிட்டுத்தான் சோறு போடுவேன். என்னை மன்னி என்று இந்தக் கடிதத்தில் கேட்க மாட்டேன். கலியாணத்துக்கு முதல் கேட்டால் நீ மறுக்க முடியாமல் ஓம் சொல்லிவிடுவாய், அப்படி ஒரு ஓம் எனக்கு வேண்டாம்.

ஒன்றை மட்டும் நீ அறிந்துகொண்டு அந்த வீட்டுக்குப் போக வேண்டும். இத்தனை வருஷமாக, அம்மா என்னைக் கள்ளி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறா என்று நீ நினைத்திருப்பாய். என்னோடு இருந்து சாப்பிடும்போதும், சாமி கும்பிடும்போதும், தொலைபேசியில் சுகம் கேட்கும்போதும் அந்த நினைப்பு உன் மனதில் ஒரு மூலையில் இருந்திருக்கும். இல்லை, பிள்ளை. அந்த மாசி மாதத்துக்குப் பிறகு ஒரு நாளும் நான் அப்படி நினைக்கவில்லை. சொல்லத்தான் இல்லை.

அம்மா